என் பெயரில் வந்த இரண்டாயிரம்

காரைக்குடி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பச்சி எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். ஆத்தாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. மாவுருண்டை பார்சலில் போயிருக்கிறது, உடைந்திருந்தாலும் தின்றுவிடு.

அமெரிக்காவில், நீ இருக்கும் டெக்சாஸ் லப்பக்கில் கண்ணுக்கெட்டிய தூரம் பருத்திதான், அங்கே விவசாயிக்கு அரசாங்கமே பணம் அனுப்புகிறது, நம் ஊரில் இப்படி உண்டா என்று போனில் கேட்டாய். நாற்பது வருடம் நூல்கடையில் பேரேடு எழுதியவனிடம் கேட்டிருக்கிறாய். போனில் சொல்லி முடியாது.

உங்கள் ஊர்க் கணக்கைத் தேடிப் படித்தேன். கொட்டை எடுக்காத பருத்திக்கு 2018-இல் பவுண்டுக்கு 36.7 சென்ட் என்று ஆதார விலை வைத்தார்கள். 2025-இல் அதை 42 ஆக உயர்த்தினார்கள். சந்தை விலை அதற்குக் கீழே போனால் வித்தியாசத்தை அரசு தருகிறது. ஆனால், இந்த ஆண்டு என்ன விதைத்தாய் என்று பார்த்து அல்ல; பண்ணையின் பழைய பதிவில் எத்தனை ஏக்கர் இருக்கிறதோ அதற்கு.

பிரேசில் சங்கதியைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். அமெரிக்க மானியத்தால் உலக விலை சரிகிறது என்று 2002-இல் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு, பிரேசில் ஜெயித்தது. பதிலடியாக அமெரிக்கப் பொருள்களுக்கு வரி போடுவோம் என்றதும் அமெரிக்கா என்ன செய்தது தெரியுமா? 2010 முதல் பிரேசில் பருத்திக்காரர்களுக்கென ஆண்டுக்கு 14.73 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. 2014-இல் இன்னொரு 30 கோடி கொடுத்து வழக்கை முடித்தது. தன் பிள்ளைக்கு ஊட்டுவதை நிறுத்த மனமில்லாமல், எதிர்வீட்டுப் பிள்ளைக்கும் ஊட்டியிருக்கிறார்கள்! பெனின், புர்கினா ஃபாசோ, சாட், மாலி ஆகிய நான்கு நாடுகளும் 2003-இலேயே இதே முறையீட்டை வைத்தன. பதிலடி கொடுக்கத் தெம்பில்லாதவர்கள். அவர்கள் விஷயம் பேச்சுவார்த்தையிலேயே கிடக்கிறது.

சரி, நம் ஊரில் உண்டா என்றாயே. உண்டு. என் கணக்கிலேயே வருகிறது.

பி.எம். கிசான் பணம், டெல்லி அரசு விவசாயிக்கென்று நேரே கணக்கில் போடுவது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. நிலம் யார் பெயரிலோ அவருக்கு, குத்தகைக்காரருக்குக் கிடையாது. கமுதிப் பக்கம் உன் ஐயா வாங்கிப்போட்ட கரிசலை நான் பார்த்தே மூன்று வருடமாகிறது. வரப்பைக் காட்டச் சொன்னால் திணறுவேன். விதை, மருந்து, காய்ப்புழு, பருத்தி எடுக்கும் ஆள்கூலி எல்லாம் குத்தகைக்காரர் பாடு. நான் முகப்பில் உட்கார்ந்து காபி குடிக்கும்போது போன் சிணுங்கும்: 2,000 வரவு.

2025-26-க்கு அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை, நடுத்தர இழைப் பருத்திக்குக் குவிண்டாலுக்கு 7,710 ரூபாய், நீண்ட இழைக்கு 8,110. ஆனால் குத்தகைக்காரர், விதைக்கு முன்பணம் வாங்கிய உள்ளூர் வியாபாரியிடமே பருத்தியைப் போடுகிறார். சொன்ன விலைக்குத் தலையாட்ட வேண்டியதுதான். இதில் 2025 ஆகஸ்டில் பஞ்சு இறக்குமதிக்கான 11 சதவீத வரியையும் டிசம்பர் வரை எடுத்துவிட்டார்கள். நூல் விலை இறங்கும் என்று பழைய கடைக்காரர்கள் மகிழ்ந்தார்கள். நானும்தான், பழக்கதோஷம். அந்த மாதங்களில் உன் ஜன்னலுக்கு வெளியே விளைவதும் வரியில்லாமல் வரலாம் என்றிருந்தது, இவர் பருத்தியோடு போட்டி போட.

கிசான் பணம் இதுவரை பதினெட்டுத் தவணை, 36,000 ரூபாய். பேரேட்டில் தனிப் பக்கம் போட்டு எழுதி வைத்திருக்கிறேன், ஒரு ரூபாய் எடுக்கவில்லை. அதைக் குத்தகையில் கழிக்கலாம் என்றேன். ஆத்தா, "கழித்தால் போதாது, குத்தகையைத் தாளில் எழுதிக் கொடுங்கள்" என்கிறாள். எழுதிக் கொடுத்தால் நிலத்துக்கு உரிமை கேட்பாரோ என்று எனக்குப் பயம். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் பயம்.

நிலம் நாளைக்கு உனக்கு வருவது. மாசியில் அவர் குத்தகைப் பணத்தோடு வருவார். அதற்குள் உன் பதில் வேண்டும்.

அன்புடன்,
அப்பச்சி