பெரிய ஃபியூஸ் மட்டும் போட்டுவிடாதே

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்று ஒரே வரி, மீதி முழுக்க ஆம்ப்ளிஃபயர் புராணம். மருமகள் படித்தால் என்ன நினைப்பாள்! சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

புது ஃபியூஸும் போட்டவுடனே போகிறது என்றால் உள்ளே எங்கோ ஷார்ட். கடைக்காரர் சொன்னார் என்று 3 ஆம்பியர் இருந்த இடத்தில் 10 ஆம்பியரைப் போட்டுவிடாதே, ஃபியூஸ் பிழைத்துக்கொள்ளும், டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். முதலில் ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்று. அசெம்பிள் செட்டில் பல பேர் புரொடெக்‌ஷன் போர்டு (டிசி வந்தால் ஸ்பீக்கரைத் துண்டித்துக் காப்பது) வைப்பதில்லை. அவுட்புட் டிரான்சிஸ்டர் ஒன்று ஷார்ட் ஆனால் உன் செட்டின் 35 வோல்ட் டிசி நேராக ஸ்பீக்கருக்குப் போகும், 8 ஓம்ஸ் காயிலில் அது கிட்டத்தட்ட 150 வாட் சூடு, கோன் வெளியே தள்ளிக்கொண்டு நிற்க காயில் கருகி நாற்றம் வரும்.

அடுத்து சீரிஸ் லாம்ப், ஷார்ட் இருந்தாலும் கரண்ட் அளவுக்கு மீறிப் போகாமல் பல்பு தடுத்துக்கொள்ளும். பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தேடிப் பிடித்து ஃபேஸ் ஒயரில் சீரிஸாகக் கொடு (எல்இடி இதற்கு உதவாது). ஆன் செய்ததும் பளிச்சென்று எரிந்து மங்கினால் பயமில்லை, ஃபில்டர் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகிறது அவ்வளவுதான். மங்காமலே நின்றால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. ஆம்ப்ளிஃபயர் போர்டுக்குப் போகும் சப்ளை ஒயர்களை எடுத்துவிட்டு மறுபடி பார். அப்போதும் மங்கவில்லையென்றால் பிரிட்ஜ் (ஏசியை டிசியாக்கும் டயோடுகள்), கெப்பாசிட்டர், டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் தேடு. மங்கினால் குற்றவாளி போர்டில்தான்.

உன் செட்டில் அவுட்புட் டிரான்சிஸ்டராக இருப்பது 5200, 1943 ஜோடிதானே? பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டர்களை 100 ஓம்ஸ் ரெசிஸ்டர் வைத்து டிஸ்சார்ஜ் செய்துவிட்டு, மீட்டரை பீப்பில் வைத்து அதன் கலெக்டர் காலுக்கும் எமிட்டர் காலுக்கும் இடையில் பார். கத்தினால் அது போச்சு. சந்தேகம் வந்தால் நன்றாக இருக்கும் சேனலில் அதே இடத்தை அளந்து ஒப்பிடு, ஸ்டீரியோ செட்டில் அதுதான் வசதி. ஜோடியாகவே மாற்று. ஆனால் மாற்றியவுடன் வேலை முடிந்ததாக நினைக்காதே, அங்கேதான் நிறைய மெக்கானிக்குகள் கோட்டை விடுகிறார்கள். வெள்ளையாக இருக்கும் 0.22 ஓம்ஸ் எமிட்டர் ரெசிஸ்டர் ஓபன் ஆகியிருக்கும், அவுட்புட்டை ஓட்டும் டிரைவர் டிரான்சிஸ்டரும் கூடவே போயிருக்கும். டிரான்சிஸ்டருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே கரண்ட் கடக்காமல் வைக்கும் மைக்காத் தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்: ஹீட்சிங்க் துளை ஓரத்தில் ஒரு சின்னப் பிசிறு இருந்தால்கூட அதைக் குத்திவிடும். டிரான்சிஸ்டரின் முதுகே கலெக்டர் என்பதால், ஹீட்சிங்க் சேசிஸில் தொட்டிருந்தால் அங்கேயே ஷார்ட். எனக்கென்னவோ அந்த மைக்கா மேல்தான் சந்தேகம், போன மாதம்தானே ஹீட்சிங்கைக் கழற்றி மாட்டினாய்?

எல்லாம் போட்டபின் பல்பு மங்கியதும், ஸ்பீக்கர் மாட்டாமல், அவுட்புட்டில் டிசி அளந்து பார். 50 மில்லிவோல்ட்டுக்குள் நின்றால் தாராளமாக மாட்டலாம், வோல்ட் கணக்கில் காட்டினால் கிட்டேயே கொண்டுபோகாதே.

5200 இப்போது போலிதான் அதிகம் வருகிறது, அங்கே நல்லது கிடைக்காவிட்டால் சொல். அடுத்த வாரம் சென்னை போகிறேன், ரிச்சி தெருவில் தெரிந்த கடையில் வாங்கி அனுப்புகிறேன். மைக்கா என்ன ஆயிற்று என்று மட்டும் அதற்குள் எழுது.

அன்புடன்,
ரவி