பாட்டியின் போர்வையைக் காப்பாற்றிய அக்காவுக்கு

நினைவுப் பிரார்த்தனை அன்று மேசையில் விரித்திருந்த பாட்டி கொக்கி ஊசியால் பின்னிய குரோஷா போர்வையில், ஓரச் சதுரம் ஒன்றின் நூல் அறுந்து பிரிய ஆரம்பித்தது. யாரோ கத்தரிக்கோலைத் தேடினார்கள். "வெட்டாதீங்க, வெட்டினா இன்னும் ஓடும்" என்று பின்வரிசையிலிருந்து எழுந்து வந்தீர்கள். யாரும் கூப்பிடவில்லை.

திறந்து நின்ற கண்ணிகளை முதலில் ஊக்கில் கோத்து நிறுத்தினீர்கள். பிறகு அறுந்த நுனியிலிருந்து சுமார் 15 செ.மீ. வரை நீங்களே பிரித்தீர்கள். அவ்வளவு நீளத்துக்கு வால், அதாவது தொங்கும் நுனி நூல், இல்லாவிட்டால் ஒளித்துத் தைக்க நூல் போதாதாம். பாட்டி தன் ஜெபப் புத்தகப் பையில் சுற்றி வைத்திருந்த மிச்ச நூலை இணைத்து, மும்மூன்று கம்பங்களாக (உயரமான குரோஷா கண்ணிகள்) அந்தச் சுற்றை மறுபடி போட்டீர்கள். முடிச்சை நம்பாமல், வால் நூலை மூன்று தடவை திசை மாற்றி நுழைத்தீர்கள். ஒரே திசையில் விட்டால் துவைக்கும்போது நழுவிவிடும்.

பக்கத்துச் சதுரத்தில் பாட்டி ஓரிடத்தில் மூன்றுக்குப் பதில் நான்கு கம்பம் போட்டிருந்தார். ஒவ்வொரு பேரப்பிள்ளைக்கும் ஒரு சதுரம், போடும்போதே அந்தப் பிள்ளைக்கு ஜெபம். அதில் எண்ணிக்கை தவறியிருக்கும். திருத்தலாமா என்றதற்கு, "அது அவங்க கை" என்று அப்படியே விட்டீர்களே, அதற்குத்தான் பெரிய நன்றி.

நீங்கள் சொன்னபடி குளிர்ந்த நீரில் அலசி, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, தரையில் விரித்தே காயவைத்தோம். கொடியில் போடவில்லை, ஈர எடையில் கண்ணிகள் இழுபடும் அல்லவா. உங்கள் ஊக்கு எங்களிடமே இருக்கிறது, அக்கா.