41 வருடக் கணக்கை மூட ஒரு வரிக் காரணம்கூடக் கிடையாதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வங்கிக் கணக்குகள் முடக்கப்படுவது பற்றிக் கடந்த வாரம் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். "உரிய அறிவிப்பு கொடுத்த பிறகே கணக்குகள் மூடப்படுகின்றன" என்று அதில் ஒரு வங்கி அதிகாரி சொல்லியிருந்தார். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. என்னுடைய 41 வருடக் கணக்கையும் மூடினார்கள். அறிவிப்பு என்று ஒரு துண்டுச் சீட்டுகூட என் வீட்டுக்கு வரவில்லை.

நான் 38 வருடம் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து 2022இல் ஓய்வு பெற்றவள். 1984இல் வேலைக்குச் சேர்ந்த கையோடு எங்கள் ஊர்க் கிளையில் கணக்குத் தொடங்கினேன். அப்போதெல்லாம் ஏற்கெனவே கணக்கு வைத்திருப்பவர் ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் தலைமையாசிரியர் போட்டார். "என் பேரக் காப்பாத்தும்மா" என்று சொல்லித்தான் போட்டார். பணம் எடுக்கப் போனால் எண் பொறித்த பித்தளை டோக்கனைக் கையில் கொடுப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். என் முதல் பாஸ்புக் இன்னும் பெட்டியில் இருக்கிறது. நீல மையில் கையால் எழுதிய வரவுகள், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கையெழுத்து. முதல் வரவு 20 ரூபாய்.

போன ஆகஸ்டில் பென்ஷன் எடுக்கப் போனேன். கவுன்டரில் இருந்த தம்பி கணினியைப் பார்த்துவிட்டு, "கணக்கு க்ளோஸ் ஆயிட்ட மாதிரி காட்டுதும்மா" என்றார். நான் மூடச் சொல்லவில்லையே என்றேன். "காரணம் எதுவும் இதுல வரல" என்று திரையை என் பக்கம் திருப்பியே காட்டினார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவருக்கும் தெரியவில்லை. மேலாளரிடம் போனேன். "மேலிடத்து முடிவும்மா" என்றார். அதையே எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். அப்படி எழுதித் தரும் வழக்கமில்லை என்று சொல்லிவிட்டார்.

ஐயா, சத்துணவு மையத்தில் ஒரு முட்டை குறைந்தால் என்ன நடக்கும் என்று தங்களுக்குத் தெரியும். ஆய்வுக்கு வந்த அதிகாரி பதிவேட்டையும் இருப்பையும் பார்த்துவிட்டு, அந்த ஒரு முட்டை எங்கே போனது என்று எழுத்தில் விளக்கம் கேட்பார். வழியில் உடைந்தது என்றால் அதையும் தேதி போட்டு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். 38 வருடம் அப்படித்தான் பதில் சொன்னேன், அதில் எனக்குக் குறையும் இல்லை. ஒரு முட்டைக்கு நான் எழுதிக் கொடுத்தேன். 41 வருடக் கணக்குக்கு ஒரு வரி எழுதிக் கொடுக்க இவர்களுக்கு என்ன தடை?

கணக்கில் இருந்த பணம் வேறொரு கணக்குக்கு வந்து சேர ஏழு வாரம் ஆயிற்று. திரும்பிப் போன பென்ஷனை வரவைக்க ஒன்றிய அலுவலகத்துக்கு நான்கு நடை நடந்தேன். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தெருவில் ஒருத்தி, "அக்கா, ஏதாச்சும் தப்பு நடந்துச்சா? சும்மா மூட மாட்டாங்களே" என்று கேட்டாள். அதைத்தான் தாங்க முடியவில்லை. காரணம் சொல்லாமல் மூடினால் ஊர் தானாக ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

முகவரி விவகாரமாக இருக்கலாம் என்று பிறகு ஒருவர் சொன்னார். அதற்கு முந்தைய வருடம் கேஒய்சி என்கிற வாடிக்கையாளர் விவரச் சரிபார்ப்புக்காக இரண்டு முறை ஆதார் நகல் கொடுத்திருந்தேன். பாஸ்புக் முகவரியும் ஆதார் முகவரியும் ஒத்துப்போகவில்லை என்றார்கள். எப்படி ஒத்துப்போகும்? கணக்குத் தொடங்கியபோது வாலாஜாபேட்டை வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1989இல் திருவண்ணாமலைப் பக்கம் தனி மாவட்டமாகப் பிரிந்து, நாங்கள் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆனோம். அப்புறம் வேலூர் மாவட்டம். 2019இல் இருந்து ராணிப்பேட்டை மாவட்டம். என் பாஸ்புக்கில் வட ஆற்காடு, ஆதாரில் வேலூர், ரேஷன் அட்டையில் ராணிப்பேட்டை. வீடு அதே வீடு, வாசலில் அதே வேப்பமரம். இந்த மாவட்டங்களைப் பிரித்தது அரசாங்கம். அதை நான் ஒவ்வொரு கவுன்டரிலும் நிரூபிக்க வேண்டுமா? அன்று நகலை வாங்கிப் பெட்டியில் போட்டவர்கள், வாங்கியதற்கு ஒரு ரசீதுகூடத் தரவில்லை.

2014 ஆகஸ்டில், எல்லோருக்கும் வங்கிக் கணக்கு என்று ஜன்தன் திட்டம் வந்தபோது இதே கிளையிலிருந்து என்னைத் தேடி மையத்துக்கே வந்தார்கள். "உங்க பேச்சத்தான் பொம்பளைங்க கேக்கறாங்க, கூட்டிட்டு வாங்கம்மா" என்றார்கள். எங்கள் நெசவாளர் தெருவிலிருந்து முப்பது பெண்களையாவது அழைத்துப் போயிருப்பேன். படிவம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருந்தது. எல்லோருக்கும் நானே உட்கார்ந்து நிரப்பினேன். இன்று அவர்களில் பலர் என் வாசலில் வந்து நிற்கிறார்கள். எதிர்வீட்டுப் பெண்ணின் கணக்கில் மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாய் ஏறுகிறது, எடுக்க முடியவில்லை. கேஒய்சி முடியவில்லையாம். தறியை விட்டு இறங்கினால் அன்றைய கூலி போச்சு. மூன்று முறை இறங்கிவிட்டாள். கூப்பிட்டு வந்தவள் நான் என்பதால் என்னைத்தானே கேட்பார்கள்?

சாமானிய மக்களுக்கும் வங்கி எட்ட வேண்டும் என்றுதான் 1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகளை நாட்டுடைமை ஆக்கினார்கள். தாங்கள் அறியாததில்லை. நாங்களும் அதை நம்பித்தான் உண்டியலை உடைத்துக்கொண்டு போனோம். அப்புறம் குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று அபராதம் பிடித்தார்கள், எஸ்எம்எஸ் கட்டணம் பிடித்தார்கள். பாஸ்புக் அச்சிடும் இயந்திரம் வந்தது, வந்ததிலிருந்து பாதி நாள் அது ஓடவில்லை. 2016 நவம்பரில் செல்லாத நோட்டை மாற்ற வெயிலில் நின்றோம். எதற்கும் வாய் திறக்கவில்லை.

என் அண்ணன் மகன் விதிகளைப் படித்துச் சொன்னான். கேஒய்சி புதுப்பிக்க வேண்டிய நாளுக்கு முன்பே வங்கி மூன்று முறையாவது தெரிவிக்க வேண்டும், அதில் ஒன்றாவது கடிதமாக இருக்க வேண்டும், நாள் கடந்த பிறகும் அதே மாதிரி மூன்று நினைவூட்டல் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் திருத்தம் கொண்டுவந்திருக்கிறதாம். 2026 ஜனவரி 1க்குள் எல்லா வங்கியும் இதற்கு மாறியிருக்க வேண்டுமாம். விவரம் எதுவும் மாறவில்லை என்றால் ஓர் உறுதிமொழி எழுதிக் கொடுத்தாலே போதுமாம். இரண்டு வருடம் வரவுசெலவு இல்லாமல் செயலிழந்த கணக்கை உயிர்ப்பிக்கக் கட்டணம் வாங்கக் கூடாதாம். புகாருக்கு வங்கி 30 நாளில் பதில் தரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம் என்றும் சொன்னான். நல்ல விதிகள்தான். ஆனால் இவற்றில் ஒன்றைக்கூட எங்கள் கிளைச் சுவரில் நான் பார்த்ததில்லை. கடன் விளம்பரம் மட்டும் ஆள் உயரத்துக்குத் தொங்குகிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு கணக்கை மூடும் முன் காரணத்தைத் தமிழில் எழுதி, வீட்டு முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பட்டும். கொடுக்கும் நகலுக்கு முத்திரை குத்தி ரசீது தரட்டும். தாங்களும் மேலே சொன்ன விதிகளைச் சரிபார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டிச் செய்தியாக வெளியிட்டால் உதவியாக இருக்கும். கத்தரித்து எங்கள் தெரு ரேஷன் கடைச் சுவரில் நானே ஒட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
வாலாஜாபேட்டை.