பாசிக்குப் போகும் பெண்களுக்குப் பாம்பன் கரையில் சிலை: செம்பும் பணமும் தாருங்கள்

ஊர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, வெளியூரில் பிழைக்கும் உறவுகளே,

மரிக்கொழுந்துப் பாசி என்னும் கடற்பாசியை எடுக்கக் கடலில் இறங்கும் பெண்களுக்குச் சிலை வைப்பதென்று முடிவாகிவிட்டது. எப்படிப்பட்ட சிலை என்பதில்தான் பேச்சு நீண்டது. பட்டுச்சேலை, நகையோடு ஆளுயரப் பீடத்தில் நிறுத்தச் சொன்னவர்கள் மரியாதையை நினைத்தே சொன்னார்கள். ஆனால் அது அம்மன் சிலையாகிவிடும். பாசிக்காரி காணாமல் போவாள். மெரினாவில் 1959 முதல் நிற்கும் உழைப்பாளர் சிலையில் நான்கு பேர், நால்வரும் ஆண்கள். லண்டனில் பெண்ணுரிமைக்காக எழுதிய மேரி வுல்ஸ்டன்கிராஃப்டுக்காகப் பத்தாண்டு பணம் திரட்டி 2020-இல் வைத்த சிற்பத்தில் இருந்தது ஆடையில்லாப் பெண்ணுருவம். அவர் எழுதியதை விட்டுவிட்டு உடம்பைப் பற்றியே சண்டை மூண்டது. நம் சிலை வேலை உடுப்பில்தான் இருக்கும்: சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, முகத்தில் முக்குளிக்கும் கண்ணாடி, விரல்களில் சுற்றிய துணி, இடுப்பில் வலைப்பை. உயரம் ஐந்தரை அடி. கருங்கல் பீடம் ஒன்றரை அடிதான். பிள்ளைகளுக்குக் கை எட்ட வேண்டும்.

சிமெண்டில் செய்தால் செலவு குறைவு. ஆனால் உப்பு உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடித்துப் பருக்கும், பூச்சு வெடிக்கும். மெல்லிய விரல்கள்தான் முதலில் உதிரும். அதனால் வெண்கலம். 6 மி.மீ. கனத்தில் உள்கூடாக வார்த்தால் சுமார் 150 கிலோ வரும். வார்ப்புக் குழாய்களில் நிற்பதையும் சேர்த்து 200 கிலோ உருக்க வேண்டும்: செம்பு 180, வெள்ளீயம் 20.

வீட்டில் பழைய செம்புக் குடம், அண்டா கிடந்தால் கொடுங்கள். பித்தளை வேண்டாம், அதிலுள்ள துத்தநாகத்தைக் கடற்காற்று அரித்துவிடும். ஈயம் பூசிய பாத்திரமென்றால் கொடுக்கும்போதே சொல்லுங்கள், தனியாக உருக்குவோம். பீடத்தில் பிணைக்க 316 ரக எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) கம்பிதான். சாதாரண இரும்பு வெண்கலத்தைத் தொட்டபடி உப்பு ஈரத்தில் கிடந்தால் இரும்பு சீக்கிரம் கரைந்துபோகும்.

சாலையோரத்தில் வைக்கப் போவதில்லை. பொதுச்சாலையிலும் நடைபாதையிலும் சிலைக்கு அனுமதி தரக்கூடாதென்று 2013-இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்குச் சொல்லியிருக்கிறது. கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடு உள்ள கடற்கரை ஒழுங்குமுறை எல்லைக்கு வெளியே பட்டா நிலம் பார்த்திருக்கிறோம். அரசு அனுமதி கைக்கு வந்த பிறகே வார்ப்பு தொடங்கும்.

வரும் பணத்தில் பத்தில் ஒரு பங்கு பராமரிப்புக்கென்று தனிக் கணக்கில் நிற்கும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவ வேண்டும், ஆண்டுக்கொருமுறை மெழுகு பூச வேண்டும். இதை விட்டால் பச்சைக் களிம்பு குழிகுழியாக அரிக்கும். பணத்துக்கு ரசீது, செம்புக்கு எடைச்சீட்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

யார் முகம் என்ற கேள்விக்கும் வழி கண்டோம். லண்டனில் பெண்கள் வாக்குரிமைத் தலைவி மில்லிசென்ட் ஃபாசெட் சிலையின் பீடத்தில், வாக்குரிமைக்குப் போராடிய 59 பேரின் பெயரும் படமும் உண்டு. நம் சிலையின் முகம் எவருடையதும் அல்ல. பீடத்தைச் சுற்றிப் பாசிக்குப் போனவர்கள், போகிறவர்கள் பெயர்கள் வரும். காசு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பெயர் உண்டு. கல்லில் வெட்டிய எழுத்தைத் திருத்த முடியாது. உங்கள் அம்மா, ஆச்சி பெயரின் எழுத்து சரிதானா என்று வந்து பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

இப்படிக்கு,
சிலை அமைப்புக் குழுவினர்