போகி இருக்கட்டும், டயர் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போகிப் புகை பத்தி வருஷா வருஷம் உங்க பேப்பர்ல செய்தி வருது. 2018ல சென்னையில விமானத்தை இறக்க முடியாம வேற ஊருக்குத் திருப்பி விட்டது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஆனா அந்தப் புகை நேரத்துல வீட்டுக்குள்ள படுத்திருக்கற கேன்சர் பேஷன்ட் பத்தி யாரும் எழுதி நான் பாத்ததில்ல, அதான் இந்த லெட்டர்.

எங்க அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், ஆபரேஷன் முடிஞ்சு கீமோ போயிட்டு இருக்கு. மருந்து ஏத்தி ஒரு வாரம் பத்து நாள்ல ரத்தத்துல வெள்ளையணு ரொம்ப இறங்கிடும், அப்ப சாதாரண சளி கூட நெஞ்சுல இறங்கி ஆளைப் படுக்க வெச்சிடலாம், ஜுரம் 100.4 தொட்டாலே நடுராத்திரின்னு பாக்காம கூட்டிட்டு வந்துடுங்கன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. இந்தப் போகி சரியா அந்த நாள்லயே வந்துச்சு. ஜன்னலை எல்லாம் சாத்தி, கதவு இடுக்குல ஈரத்துண்டை சொருகி, அம்மாவுக்கு என்95 மாஸ்க் போட்டு உக்கார வெச்சும் விடியக்காலையில டயர் நாத்தம் உள்ள வந்துடுச்சு. கீமோ எடுக்கறவங்களுக்கு ரசம் தாளிக்கற வாசனையே குமட்டும், இந்த நாத்தத்துக்கு கேக்கணுமா, குடிச்ச கஞ்சி அப்படியே வெளிய வந்துடுச்சு.

மார்கழி விடியல்ல காத்து அசையாது, பனி இறங்கி நிக்கும், புகை மேல போக வழியில்லாம ஆள் உயரத்துலயே தங்கிடும். பழைய பாய், துடைப்பம், முறம்னு எரிச்ச காலம் வேற, இப்ப எரியறது டயர், உடைஞ்ச பிளாஸ்டிக் சேர், ரெக்சின் பை, பிவிசி பைப். டயர் எரிஞ்சா பென்சீன் வரும், பிவிசி எரிஞ்சா டையாக்சின் வரும், இதெல்லாம் கேன்சர் வரவைக்கும்னு ஆராய்ச்சியாளர்கள் எப்பவோ சொல்லிட்டாங்க. 2013ல உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் காத்து மாசையே அந்த லிஸ்ட்ல சேத்துடுச்சு. உடம்புல இருக்கற கேன்சரை விரட்ட மருந்து ஏத்திக்கிட்டு வந்து படுத்திருக்கவங்க மூக்குலயே இதை ஏத்தறோம், நினைச்சா வயிறு எரியுது சார்.

போகியே வேணாம்னு நான் சொல்லல. எங்களுக்கு சொந்த ஊர் ஈரோடு பக்கம், அங்க அன்னைக்கு காப்புக் கட்டுதான் விசேஷம். அவ்ளோ வாந்தி எடுத்தும் அம்மா, வெயில் வந்து புகை கலைஞ்சதும் வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ எல்லாம் சேத்துக் கட்டி வாசல்ல சொருகுன்னு பக்கத்துலயே நின்னு சொல்லிக் குடுத்தாங்க. பசங்க மேளம் அடிக்கற சத்தமும் அவங்களுக்கு ரொம்ப பிடிக்கும்.

எதிர்வீட்டுப் பசங்ககிட்ட விஷயத்தை சொன்னப்ப, ஆன்ட்டிக்கு உடம்பு சரியில்லன்னு எங்களுக்குத் தெரியாதுக்கான்னு உடனே தண்ணி ஊத்தி அணைச்சுட்டாங்க. டயர் எங்கடா கெடைச்சுதுன்னு கேட்டா பஞ்சர் கடையிலன்னு சொன்னாங்க. மாநகராட்சி சில வருஷமா போகிக்கு முன்னாடி வீடு வீடா பழைய பொருளை வாங்கிக்கறாங்க, நல்ல விஷயம், அதோட பஞ்சர் கடைகளுக்கும் ஒரு வாரம் முன்னாடியே போய் பழைய டயரை எல்லாம் மொத்தமா எடுத்துட்டா பாதிப் பிரச்சனை அங்கயே முடிஞ்சிடும். வண்டி சாயந்திரத்துலயும் வரணும், பகல்ல வந்தா வேலைக்குப் போறவங்க எப்படிப் போடுவாங்க? அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்கு வெளியூர்ல இருந்து வந்து பக்கத்துல ரூம் எடுத்துத் தங்கியிருக்கவங்க எத்தனையோ பேர், அவங்களுக்குத் தெருவுல போய் சொல்லக்கூட ஆள் தெரியாது, அந்த மாதிரி ஏரியாவுல அன்னைக்கு விடியக்காலையில ரோந்து போடணும்.

அடுத்த போகிக்கு முன்னாடி எந்த ஏரியாவுக்கு எந்த நாள் வண்டி வரும், டயர் எரிச்சா எந்த நம்பருக்கு போன் பண்ணணும்னு உங்க பேப்பர்ல முதல் பக்கத்துலயே போடுங்க, ப்ளீஸ்.

இப்படிக்கு,
வாசகி, சைதாப்பேட்டை