மழைநீர்க் குழிகளைத் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்துச் சென்னையில் வடிகால்கள் தூர்வாரப்படுவதாகச் செய்திகள் வருகின்றன. வெள்ளத்தை வெளியேற்றக் காட்டும் இந்த அக்கறையில் கால் பங்கையாவது, அதே மழையை நிலத்துக்குள் இறக்கும் வீட்டுக் குழிகள்மீதும் காட்ட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

2003-இல் நிலவிய தண்ணீர்ப் பஞ்சத்தை அனுபவித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஆண்டு தமிழக அரசு பிறப்பித்த அவசரச் சட்டம், புதிய கட்டடங்களுக்கு மட்டுமன்றி ஏற்கெனவே கட்டப்பட்ட வீடுகளுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. தவறினால் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும் என்ற எச்சரிக்கையும் இருந்தது. முணுமுணுத்தபடியேதான் செய்தோம். 2005-இல் கொட்டிய மழைக்குப் பின் கிணறுகளில் நீர்மட்டம் ஏறியது. மழை மிகுதியும் அதற்கு ஒரு காரணம்தான். ஆனால் குழிகள் இல்லாதிருந்தால் மாடிகளில் விழுந்த நீரெல்லாம் சாலை வழியே கடலுக்குப் போயிருக்கும்.

2018-இல் பருவமழை பொய்த்தது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு 50 வேகன்களில், நடைக்கு 25 லட்சம் லிட்டர் வீதம், ரயிலில் தண்ணீர் வந்தது. எங்கள் குடியிருப்பின் போர்வெல்லில் காற்றுதான் வந்தது. அப்போதுதான் 2003-இல் போட்ட குழியைத் திறந்து பார்க்கும் எண்ணமே எங்களுக்கு வந்தது. உடைந்த மூடியின் இடுக்கில் ஓர் அரசங்கன்று வேர்விட்டிருந்தது. உள்ளே ஒரு சாண் உயரத்துக்குக் காய்ந்த சேறு, அதன்கீழ் மணலும் கூழாங்கல்லும் கெட்டித்துக் கிடந்தன. ஒரு வாளி தண்ணீரை ஊற்றினோம். அரை மணி நேரம் கழித்தும் அப்படியே நின்றது. போதாக்குறைக்கு, மாடியிலிருந்து இறங்கும் குழாயை எப்போதோ பெயிண்ட் அடிக்க வந்தவர்கள் கழற்றித் தெருப்பக்கம் திருப்பிவிட்டிருந்தார்கள். சட்டப்படி பார்த்தால் எங்கள் கட்டடத்தில் மழைநீர் சேகரிப்பு இருந்தது!

அதைச் சரிசெய்ய இரண்டு ஆட்களுக்கு ஒரு நாள் வேலைதான் ஆனது. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 140 செ.மீ. மழை பெய்கிறது, அந்தக் கணக்கில் 1,000 சதுர அடி மாடியில் விழுவது மட்டும் ஒரு லட்சத்து முப்பதாயிரம் லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரிகளில் பத்துக்கு மேல்.

மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் இருக்கும்போது இந்தக் குழிகளைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்போர் உண்டு. அவற்றின் தேவையை நான் மறுக்கவில்லை. ஆனால் அவற்றுக்கு மின்சாரம் ஏராளமாக வேண்டும். கடலோரப் பகுதிகளில் நிலத்தடியில் உப்பு நீர் ஏறுவதை அவை தடுக்கவும் மாட்டா.

ஆகவே, கட்டட அனுமதியின்போது ஒருமுறை பார்ப்பதோடு நிற்காமல், ஆண்டுதோறும் ஆகஸ்டில் வார்டுவாரியாக மாநகராட்சி ஊழியர்கள் குழிகளைத் திறந்து, ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இறங்காவிட்டால் ஒரு மாத அவகாசம் தரலாம். அதன் பிறகும் சுத்தம் செய்யாத வீடுகளில் மாநகராட்சியே அதைச் செய்து, செலவைச் சொத்துவரியோடு வசூலிக்கலாம். குழி அமைக்காத வீடுகளுக்கு 2003 சட்டத்திலேயே இதே வழி வகுக்கப்பட்டிருந்தது.

இப்படிக்கு,
வாசகர், நங்கநல்லூர், சென்னை