பிரசல்ஸ் வாக்குச்சாவடியிலிருந்து

அன்புள்ள கதிரேசா,

எட்டு மாதமாகப் பதில் எழுதாதவனை நீ எப்படியெல்லாம் திட்டியிருப்பாய் என்று தெரியும். பாதியை மன்னித்துவிடு, மீதிக்கு நான் தகுதியானவன்தான். அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததாகத் தங்கராசு சொன்னான். இங்கே அனைவரும் நலம்.

பெல்ஜியக் குடியுரிமை பெற்றபின் 2024 ஜூன் 9 அன்று முதன்முறையாக இங்கே வாக்களித்தேன். (வாக்களிப்பது இங்கே கட்டாயம், உன்னைப்போல் தேர்தல் நாளில் தூங்க முடியாது.) பிரசல்ஸ் வட்டாரச் சட்டமன்றத்துக்கான முறை வந்தபோது, கட்சிப் பெயர்களைக் காட்டுவதற்கு முன்பே, பிரெஞ்சுப் பட்டியலா டச்சுப் பட்டியலா என்று திரை கேட்டது. வீட்டில் தமிழும் அலுவலகத்தில் ஆங்கிலமும் கடைத்தெருவில் அரைகுறைப் பிரெஞ்சுமாகக் காலம் தள்ளுகிறவன் என்ன சொல்வான்? 89 இடங்களில் 72 பிரெஞ்சு பேசுவோருக்கு, 17 டச்சு பேசுவோருக்கு. எந்தப் பக்கம் எத்தனை வாக்கு விழுந்தாலும் இந்தப் பங்கு மாறாது.

உடனே உன் நினைவுதான் வந்தது. வெள்ளிக்கிழமை முட்டை விவகாரத்தில் மெஸ் கமிட்டியையே நடுங்க வைத்தவன் அல்லவா நீ! தலையை எண்ணுவதுதான் ஜனநாயகம், மற்றதெல்லாம் சலுகை என்று கடைசிக் கடிதத்திலும் எழுதியிருந்தாய். அந்தக் கணக்கை இந்த நாடு ஒருமுறை அப்படியே போட்டுப் பார்த்தது. போருக்குப்பின் நாடு திரும்பாதிருந்த மன்னர் மூன்றாம் லியோபோல்ட் மீண்டும் அரியணை ஏறலாமா என்று 1950 மார்ச்சில் மக்களைக் கேட்டார்கள். ஏறத்தாழ 58 விழுக்காட்டினர் ஏறலாம் என்றார்கள். ஆனால் டச்சு பேசும் ஃபிளாண்டர்ஸில் 72 விழுக்காடு ஆதரவு, பிரெஞ்சு பேசும் வலோனியாவில் 42 மட்டுமே. ஜூலையில் மன்னர் திரும்பியதும் வலோனியாவில் வேலைநிறுத்தம் வெடித்தது. லியேஜ் நகருக்கு அருகே காவல் படையின் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர். சில நாட்களிலேயே அதிகாரத்தை மகன் போதுவேனிடம் ஒப்படைத்த மன்னர், அடுத்த ஆண்டு முடிதுறந்தார். வாக்கெடுப்பில் வென்றவருக்கு நேர்ந்த கதி இது.

1970 முதல் படிப்படியாக வந்த ஏற்பாடுகளை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்கிறேன். பிரதமரை விட்டுவிட்டால், மத்திய அமைச்சரவையில் இரு மொழியினரும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். மொழி எல்லை போன்றவற்றைத் தொடும் சட்டங்களுக்கு மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு போதாது. ஒவ்வொரு மொழிக்குழுவிலும் தனித்தனியே பெரும்பான்மை வேண்டும். இதை நீ சலுகை என்பாய். ஆனால் நாடு முழுவதிலும் சிறுபான்மையாக இருக்கும் பிரெஞ்சு பேசுவோரே பிரசல்ஸில் பெரும்பான்மை. அங்கே காப்புக் கேட்டவன் இங்கே காப்புக் கொடுத்தாக வேண்டும். இந்த ஏற்பாடு இன்னும் நிற்பதற்கு நல்லெண்ணத்தைவிட இந்தக் குறுக்குப் பிணைப்பே காரணம் என்பது என் கணிப்பு.

ஆயினும் எனக்குள் ஒரு கவலை வளர்ந்துகொண்டே போகிறது. 2010 தேர்தலுக்குப்பின் அரசு அமைய 541 நாட்கள் ஆனதைச் சொல்லி நீ சிரிப்பாய்; அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை, இடைக்கால அரசை வைத்து ஓட்டிவிட்டார்கள். ஏறத்தாழ எல்லாக் கட்சிகளும் மொழிவாரியாகப் பிளந்து கிடப்பதுதான் உறுத்துகிறது. டச்சுப் பகுதியான ஆன்ட்வெர்ப்பின் வாக்காளர் லியேஜ் தலைவரைப் பிரதமராக ஏற்க வேண்டியிருக்கும், ஆனால் அந்தத் தலைவருக்கு வாக்களிக்கவோ அவரைத் தோற்கடிக்கவோ இந்த வாக்காளரால் இயலாது. அடுத்த மொழிக்காரனிடம் வாக்குக் கேட்கவே தேவையில்லாத அரசியல்வாதி அவனை எதற்காக மதிப்பான்? லூவென் பல்கலைக்கழகத்தைப் பிரித்தபோது நூலகத்தின் புத்தகங்களை ஒற்றைப்படை, இரட்டைப்படை எண்களாகப் பங்கிட்டார்களாம். உன் பெரியப்பா வீட்டுப் பாகப்பிரிவினையில் அண்டாவை அறுக்கக் கிளம்பியது நினைவுக்கு வந்தது.

சரி, நான் எந்தப் பட்டியலைத் தொட்டேன் என்றுதானே கேட்கிறாய்? டச்சுப் பட்டியலை. எனக்கு டச்சு மொழியில் வணக்கம் சொல்வதற்குமேல் ஒன்றும் வராது. அந்தப் பக்கம் வாக்காளர் குறைவு, ஆகையால் ஒரு வாக்குக்கு எடை அதிகம் என்று கணக்குப் போட்டேன். சட்டப்படி அதில் தவறில்லை. ஆனால் சிறுபான்மையின் காவலுக்காக ஒதுக்கிய இடத்தில் என்னைப்போல் மொழி அறியாதவர்கள் பலர் புகுந்தால் அந்தக் காவல் யாருக்கு? நீ வழக்கறிஞன், நான் செய்தது சரியா, கள்ள ஓட்டுக்குச் சமமா என்று ஒளிக்காமல் எழுது.

அன்புடன்,
உன் முருகேசன்